அம்மா ஏப்ரன்ல இருந்த பூவெல்லாம் எங்க போச்சு? கோர்க்கியோட ஒரு அப்ஸ்ட்ராக்ட் பெயின்டிங் பத்தி

உங்க கேள்வியை முதல்ல என் வார்த்தையில சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். தாத்தா கட்டின வீட்டை வித்து இடிச்சுட்டாங்க, அதை வெச்சு ஒரு அப்ஸ்ட்ராக்ட் பெயின்டிங் (உருவத்தை அப்படியே வரையாம கோடும் கலருமா பண்றது) பண்ணணும்னு ஆசைப்படறீங்க. உங்க டிராயிங் சார் ஆர்ஷில் கோர்க்கிங்கிற அமெரிக்க ஓவியர் 1944ல வரைஞ்ச 'என் அம்மாவின் பூவேலை ஏப்ரன் என் வாழ்க்கையில் எப்படி விரிகிறது'ங்கிற பெயின்டிங்கை பாக்கச் சொல்லியிருக்காரு. பாத்தா கலர் திட்டுத்திட்டா வழியுது, அம்மாவும் காணோம் ஏப்ரனும் காணோம், தலைப்பை எடுத்துட்டா இது யாரோட பெயின்டிங்காவும் இருக்கலாமே, இதுல குடும்பம் எங்க இருக்குன்னு கேக்கறீங்க.

நியாயமான கேள்வி. நான் பல வருஷமா இந்த ஒரு பெயின்டிங்கை திரும்பத் திரும்ப பாத்துட்டு இருக்கேன், எனக்கும் முதல் தடவை ஒண்ணும் பிடிபடல. ஒரு பழைய போட்டோவைப் பாத்தப்புறம்தான் கதவு திறந்துச்சு, அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கறேன்.

1912ல எடுத்த ஸ்டுடியோ போட்டோ அது. இடம் வான் நகரம், இப்ப துருக்கியோட கிழக்குப் பகுதி, அப்ப ஆட்டோமன் ஆட்சி. தலையில முக்காடு போட்ட ஒரு அம்மா நாற்காலியில உக்காந்திருக்காங்க, ரெண்டு கையும் மடியில. பக்கத்துல கோட்டு போட்ட சின்னப்பையன் கையில கொஞ்சம் பூ வெச்சுக்கிட்டு நிக்கறான். அம்மா பேரு ஷுஷான், பையன் பேரு வோஸ்டானிக் அதோயன், பின்னாடி கோர்க்கி ஆனது இவன்தான். ஆர்மீனியக் குடும்பம், வான் ஏரிக்கரையில கோர்கோம்னு ஒரு கிராமம். அப்பா ஆட்டோமன் ராணுவத்துல ஆள் பிடிக்கறதுல இருந்து தப்பிக்க அமெரிக்கா போயிட்டாரு, நாங்க இங்க இருக்கோம் எங்களை மறந்துடாதீங்கன்னு அவருக்கு அனுப்பறதுக்காக எடுத்த போட்டோ. வெளிநாட்டுல புருஷன் இருக்கிற எந்த வீட்டுலயும் இப்படி ஒரு போட்டோ இருக்கும், அந்தப் பார்வையை நீங்களே பாத்திருப்பீங்க.

இப்ப அந்த போட்டோவுல ஒரு விஷயத்தை மட்டும் கவனிச்சு வெச்சுக்கோங்க. அம்மா இடுப்புல இருந்து கீழ வரைக்கும் நீளமா ஏப்ரன் கட்டியிருக்காங்க. அந்த ஏப்ரன் முழுக்க பூ.

அதுக்கு மூணு வருஷம் கழிச்சு 1915, ஆட்டோமன் அரசு நடத்தின ஆர்மீனிய இனப்படுகொலை. வான் நகரத்தை முற்றுகை போட்டாங்க, ரஷ்யப் படை வந்துச்சு, அப்புறம் அந்தப் படை பின்வாங்கினப்போ ஊரே அது பின்னாடி நடந்து வெளியேறுச்சு. இந்த அம்மாவும் பிள்ளைங்களும் நடந்தே எரெவான் (இப்ப ஆர்மீனியாவோட தலைநகரம்) பக்கம் போய்ச் சேர்ந்தாங்க. 1919ல, பஞ்சத்துல, ஷுஷான் பட்டினியால செத்துப்போனாங்க. அடுத்த வருஷம் பையனும் தங்கச்சி வார்தூஷும் கப்பலேறி அமெரிக்கா போனாங்க. அங்க போய் கொஞ்ச வருஷத்துல அந்தப் பையன் பேரையே மாத்திக்கிட்டான், ஆர்ஷில் கோர்க்கின்னு. கோர்க்கின்னா ரஷ்ய மொழியில கசப்புன்னு அர்த்தம். ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கி எனக்குச் சொந்தம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாரு, மாக்சிம் கோர்க்கிங்கிறதே புனைபேருதான், அவரோட நிஜப்பேரு பெஷ்கோவ். அப்போ அமெரிக்காவுல ஆர்மீனியன்னு சொன்னாலே 'பட்டினி கிடக்கிற ஆர்மீனியர்'ங்கிற வார்த்தைதான் ஜனங்க வாயில வரும், அம்மாவை பட்டினிக்குப் பறிகொடுத்த ஒருத்தன் அந்த வார்த்தையை தினமும் கேட்டுக்கிட்டு எப்படி இருப்பான்? பேரை மறைச்சதை பொய்யின்னு எழுதறவங்க நிறைய, எனக்கு அதை அப்படிப் பாக்க மனசு வரல.

அந்த 1912 போட்டோ அவர் கைக்கு திரும்ப வந்துச்சு. அதை வெச்சு 1926 வாக்குல பெயின்ட் பண்ண ஆரம்பிச்சாரு, 'ஓவியனும் அவன் தாயும்'னு. ரெண்டு கேன்வாஸ், ரெண்டும் ஏறக்குறைய 5 அடி உயரம், ஒண்ணு இப்ப நியூயார்க்ல விட்னி மியூசியத்துல இருக்கு, இன்னொண்ணு வாஷிங்டன்ல நேஷனல் கேலரியில. விட்னி கேன்வாஸ்ல பத்து வருஷம் வேலை செஞ்சாரு, வாஷிங்டன் கேன்வாஸ் 1942 வரைக்கும் கூட இழுத்துச்சு. ஒரு கோட் போடுவாரு, காய விடுவாரு, பிளேடை வெச்சு சுரண்டுவாரு, தண்ணி விட்டுக் கழுவி வழவழன்னு ஆக்கிட்டு அதுமேல திரும்ப அடுத்த கோட். அதனாலதான் அந்த அம்மா முகம் பீங்கான் மாதிரி பிரஷ் தடமே இல்லாம இருக்கு. வேற எந்த பெயின்டிங்கையும் அவர் இவ்வளவு வருஷம் விடாம பிடிச்சுக்கிட்டு இருந்ததில்ல.

ஆனா கையைப் பாருங்க. அம்மாவோட கை ரெண்டும் விரலே இல்லாம, துணியைச் சுத்தி வெச்ச மாதிரி, வெறும் வெள்ளைத் திட்டா நிக்குது. முகத்தை அவ்வளவு கவனமா பண்ணினவருக்கு கை வரையத் தெரியாதா? டிராயிங்ல அவர் கை எவ்வளவு சுத்தம்னு இதே பெயின்டிங்குக்காக பென்சில்ல போட்ட ஸ்கெட்ச்களைப் பாத்தா தெரியும். கடைசியா ஏப்ரனைப் பாருங்க. போட்டோவுல முழுக்க பூ இருந்துச்சுன்னு சொன்னேனே, பெயின்டிங்ல ஒரு பூ கூட இல்ல. விட்னியில இருக்கறதுல வெளிறிப்போன வெத்துத் துணி, வாஷிங்டன்ல இருக்கறதுலயும் வெத்துத் துணிதான்.

போட்டோவையும் பெயின்டிங்கையும் நான் முதல்முறை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தப்போ கொஞ்ச நேரம் பேச்சே வரல. முகம் இருக்கு, கை போச்சு, பூ போச்சு. அம்மா தொட்ட கையும், பையன் சின்ன வயசுல மூஞ்சியை புதைச்சுக்கிட்ட துணியும்தான் வரைய வரல. என் அபிப்பிராயத்துல உங்க கேள்விக்கான பதில் முழுசும் இந்த இடத்துலதான் இருக்கு: அந்தப் பூவெல்லாம் காணாம போகல, 1944ல வேற கேன்வாஸ்ல வந்து இறங்குச்சு.

அதுக்கு நடுவுல ஒரு படி இருக்கு. 1940லிருந்து 'சோச்சித் தோட்டம்'னு ஒரு வரிசை பண்ணாரு. சோச்சி ரஷ்யாவுல கருங்கடல் ஓரம், இவருக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்ல, நிஜத்துல அது கோர்கோம்ல அப்பா வெச்சிருந்த தோட்டம், அங்கயும் ஊர்ப்பேரை மறைச்சுட்டாரு. 1942ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் அந்த பெயின்டிங் பத்தி எழுதித் தரச்சொன்னப்போ ஒரு சின்ன குறிப்பு எழுதிக் கொடுத்தாரு. எங்க வீட்டுல இருந்து 194 அடி தூரத்துல ஊத்துக்குப் போற வழியில அந்தத் தோட்டம், காய்க்கறதை நிறுத்திட்ட ஆப்பிள் மரங்க, நிழல்ல காட்டுக் கேரட்டு, முள்ளம்பன்றி பொந்து, கறுப்பு மண்ணுல பாதி புதைஞ்ச நீலப் பாறை, ஊர்ப் பெண்கள் வந்து அந்தப் பாறையில மாரைத் தேய்ச்சு வேண்டிக்குவாங்க, எல்லாத்துக்கும் மேல இலையெல்லாம் உதிர்ந்து வெயில்ல வெளுத்துப்போன ஒரு பெரிய மரம், போறவங்க வர்றவங்க எல்லாம் தங்க துணியில ஒரு கீத்து கிழிச்சு அதுல கட்டிட்டுப் போவாங்க, காத்தடிச்சா அவ்வளவு துணியும் கொடி மாதிரி ஆடும். நம்ம கோயில் மரத்துல வேண்டுதல் துணி கட்டறதை பாத்து வளந்தவங்களுக்கு இதைப் படிக்கும்போதே அந்தச் சத்தம் காதுல கேக்கும்.

அந்த 194 அடியைத்தான் நான் விடாம யோசிப்பேன். ஊர் இல்ல, ஜனம் இல்ல, அம்மா இல்ல, ஆனா தூரம் மட்டும் 200னு கூட ரவுண்ட் பண்ணாம 194ஆ நிக்குது. அந்த பெயின்டிங்ல தோட்டம் தோட்டமா இருக்காது, நடுவுல ஒரு செருப்பு மாதிரி வடிவம், வெண்ணெய் கடையற தோல்பை மாதிரின்னும் சொல்றாங்க, சுத்தி சின்னச் சின்ன வடிவங்க மிதக்கும். அந்த மிதக்கிற வடிவம் எல்லாம் ஸ்பெயின் ஓவியர் மிரோகிட்ட கத்துக்கிட்டது. இதுல ஒண்ணு சொல்லணும், கோர்க்கி வருஷக்கணக்கா பிரெஞ்சு ஓவியர் செசான் மாதிரியே பெயின்ட் பண்ணாரு, அப்புறம் பிக்காசோ மாதிரியே, அப்புறம் மிரோ மாதிரி, காப்பி அடிக்கறவர்னே பேரு வாங்கினாரு. ஒரு பரம்பரையை மொத்தமா இழந்துட்டு வந்த பையன் மியூசியத்துல போய் இன்னொரு பரம்பரையைத் தேடி உக்காந்து படிச்சிருக்கான்னுதான் நான் இதை எடுத்துக்கறேன்.

அப்புறம் 1943. மனைவி ஆக்னஸ், அவங்க அப்பா அம்மாவுக்கு வர்ஜீனியாவுல ஒரு பண்ணை இருந்துச்சு. பட்டணத்துல இருவது வருஷம் இருந்தவரு அந்தக் கோடையில வயல்ல போய் உக்காந்தாரு. புல்லு, பூ, விதை, பூச்சி, எல்லாத்தையும் மூக்கு ஒட்டுற கிட்டத்துல வெச்சு பென்சிலும் கிரேயானுமா நிறைய வரைஞ்சு தள்ளினாரு. அந்த மண்ணுதான் கோர்கோமை திரும்ப எழுப்பிச்சு, ஏர், தோட்டம், அம்மா எல்லாம் அங்கதான் மேல வருது, 'ஏரும் பாட்டும்'னு பின்னாடி ஒரு வரிசையே பண்ணாரு. அதே சமயம் சிலி நாட்டு ஓவியர் மட்டா ஒரு யோசனை சொன்னாரு, பெயின்ட்ல டர்பென்டைனை (எண்ணெய் பெயின்டை கரைக்கிற திரவம்) தாராளமா ஊத்தி தண்ணியா பண்ணிக்கோன்னு. அதுவரைக்கும் இவர் பெயின்டை அப்பு அப்புன்னு அப்பறவர், சில கேன்வாஸ் தூக்க முடியாத கனம். இப்ப அதே ஆள் சாயத்தண்ணி மாதிரி விடறாரு, வழியட்டும்னு விட்டுடறாரு. பிளேடு வெச்சு பத்து பதினஞ்சு வருஷம் சுரண்டின கைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்னு யோசிங்க.

இப்ப ஏப்ரன் பெயின்டிங்கை எடுங்க. இது அமெரிக்காவுல சியாட்டில் ஆர்ட் மியூசியத்துல இருக்கு, அகலம் ஏறக்குறைய 114 சென்டிமீட்டர், உயரம் 102, பெரிய சைஸ் இல்ல, ஒருத்தர் ரெண்டு கையையும் விரிச்சா அடங்கிடும். போன் ஸ்கிரீன்ல பாக்காதீங்க, ஒரு பெரிய ஸ்கிரீன்ல போட்டுட்டு, ரெண்டே விஷயத்தைத் தனித்தனியா பாருங்க, கோட்டை மட்டும், அப்புறம் கலரை மட்டும்.

கோடு மெல்லிசு. நூல் மாதிரி ஓடுது, வளையுது, ஒரு இதழ் மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சு மூடாமலே விட்டுட்டு வேற பக்கம் போயிடுது. கலர் அந்தக் கோட்டுக்குள்ள உக்காரவே இல்ல. சிவப்பு ஒரு கோட்டைத் தாண்டி வழியுது, மஞ்சள் கோடே இல்லாத இடத்துல பரவுது, சில இடத்துல டர்பென்டைன் பெயின்டை கரைச்சு கீழ இழுத்துட்டுப் போன தடம் அப்படியே தெரியுது. பூவேலை எப்படிப் பண்ணுவாங்கன்னு வீட்டுல யாரையாவது கேட்டுப் பாருங்க, முதல்ல பென்சில்ல அவுட்லைன், அப்புறம் அந்த அவுட்லைனுக்குள்ள கலர் நூலால நிரப்பறது, கோடும் கலரும் ஒண்ணை ஒண்ணு விட்டு நகரவே கூடாது. இங்க நடந்திருக்கறது அதுக்கு நேர் எதிர், பிரிச்சு விட்டுட்டாரு. நூல் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம்.

ஏன்? கோர்க்கி தன் கேலரிக்காரர் ஜூலியன் லெவிகிட்ட ஒரு ஞாபகத்தைச் சொல்லியிருக்காரு. சின்ன வயசுல அம்மா ஏப்ரன்ல மூஞ்சியைப் புதைச்சு கண்ணை மூடிக்கிட்டு கதை கேப்பாராம். கண்ணை மூடியிருக்கறதால அம்மா சொல்ற கதையும் அந்தத் துணியில இருக்கிற பூவும் மனசுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு குழம்பிப் போயிடுமாம், வாழ்நாள் முழுக்க அந்தக் கதையும் பூவேலையும் ஞாபகத்துல பிரிஞ்சு பிரிஞ்சு படமா வந்துக்கிட்டே இருக்குன்னாரு. நல்லா கவனிங்க, அந்தப் பையன் ஏப்ரனைப் பாக்கல. ஒரு துணியில மூஞ்சியை வெச்சு அழுத்தினா என்ன தெரியும்? கண்ணுக்குள்ள கலர் நீந்தும், துணியோட வாசனை, தையல் கன்னத்துல உறுத்தறது, மேல இருந்து குரல். அதுக்கு அவுட்லைன் கிடையாது. அதை ஏப்ரன் மாதிரியே வரைஞ்சா தூரத்துல நின்னு பாக்கிற வேற யாரோவோட ஏப்ரனாத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு அனுபவிச்ச ஒண்ணை இப்படித்தான் வரைய முடியும்னு நான் முழுசா நம்பறேன்.

எங்க ஆச்சியோட ஒரு நூல் சேலை எங்க வீட்டுல தலகாணி உறையா இருந்துச்சு, அதுல என்ன டிசைன்னு என்னை இப்ப வரையச் சொன்னா தெரியாது, ஆனா அந்த மஞ்சள் கலந்த வாசனையும், ஓரத்துல கரை தடிப்பா கன்னத்துல படறதும் இந்த நிமிஷம் சொல்ல முடியும். கோர்க்கி பெயின்டிங் எனக்குப் புரிஞ்சது அந்த வழியாத்தான்.

இப்ப தலைப்பு விஷயம். தலைப்பை எடுத்துட்டா அம்மா இருக்காங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா? முடியாது, அதை ஒத்துக்கணும். ஆனா கோடும் கலரும் பிரிஞ்சு கிடக்கிற அந்த அவிழ்ந்த நிலை தலைப்பு இல்லாமலும் இருக்கும், ஏதோ ஒண்ணு நூல் நூலா பிரியுதுங்கிறது கண்ணுக்குத் தெரியும். தலைப்பு அந்தப் பிரியறது எதுன்னு சொல்லுது, அவ்வளவுதான். அதோட, ஒத்தை பெயின்டிங்கா இதைப் பாக்கறதுல ஒரு கஷ்டம் இருக்கு. போட்டோ, ரெண்டு தாய் மகன் பெயின்டிங், தோட்டம் வரிசை, அப்புறம் இது, இந்த வரிசையில பாருங்க, வேற யாராலயும் இதைப் பண்ணியிருக்க முடியாதுன்னு உங்களுக்கே படும். முகத்தை விட்டுக்கொடுத்தப்புறம்தான் பூ திரும்பி வருது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். நெட்ல கோர்க்கி தங்கச்சிக்கு எழுதின லெட்டர்னு ஆர்மீனியா பத்தி, மண்ணு பத்தி ரொம்ப அழகான மேற்கோள் எல்லாம் சுத்துது. அதுல பலதும் அவர் எழுதினதே இல்ல, அவர் இறந்து ரொம்ப நாள் கழிச்சு லெட்டர்களை வெளியிட்ட தங்கச்சி மகன் சேத்து எழுதினதுன்னு வாழ்க்கை வரலாறு எழுதினவங்க தேடிக் கண்டுபிடிச்சுட்டாங்க. உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல அதையெல்லாம் எடுத்துப் போட்டுடாதீங்க. 1942 மியூசியம் குறிப்பு நம்பகமானது, அதை எடுத்துக்கோங்க.

அதுக்கப்புறம் நடந்தது வேகமா சொல்லிடறேன், சொல்லவே கஷ்டமா இருக்கு. 1946 ஜனவரியில ஸ்டுடியோ தீப்பிடிச்சு நிறைய பெயின்டிங் போச்சு, அதே வருஷம் கேன்சர் ஆபரேஷன், 1948 ஜூன்ல கார் விபத்துல கழுத்து எலும்பு உடைஞ்சுது, ஜூலை 21ஆம் தேதி தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டாரு. நாப்பது சொச்சம்தான் வயசு, ரெண்டு சின்னப் பெண் குழந்தைங்க. அவர் நண்பர் டி கூனிங், அவரும் ஹாலந்துல இருந்து வந்தவர்தான், பின்னாடி அமெரிக்காவோட பெரிய ஓவியர் ஆனாரு, நான் எங்கேருந்து வந்தேன்னா 36 யூனியன் ஸ்கொயர்ல இருந்து வந்தேன்னு சொன்னாரு. அது கோர்க்கி ஸ்டுடியோவோட அட்ரஸ்.

சரி, உங்க தாத்தா வீடு. நேரா அப்ஸ்ட்ராக்டுக்குப் போகாதீங்க. பலரும் பண்ற தப்பு அது, நாலு கலரை ஊத்திட்டு கீழ 'என் வேர்கள்'னு பேரு போட்டுடறது. கோர்க்கி பதினஞ்சு வருஷம் அந்த முகத்தோட மல்லுக்கட்டினப்புறம்தான் அதை விட்டாரு. வீட்டோட போட்டோ ஏதாவது இருந்தா அதைப் பாத்து நிஜமாவே வரைங்க, பத்து தடவை. எந்த இடம் திரும்பத் திரும்ப வரமாட்டேங்குதுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க, உங்க பெயின்டிங் அந்த இடத்துலதான் இருக்கும். அப்புறம் போட்டோவை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, அந்த வீட்டுல நீங்க கண்ணால பாக்காம உடம்பால தெரிஞ்சுக்கிட்டது என்னன்னு எழுதுங்க, சிமென்ட் தரையோட குளிர்ச்சி, நிலைப்படி உயரம், மாடிப்படி எத்தனைன்னு இருட்டுல கால் எண்ணினது. முடிஞ்சா எண்ணிக்கையோட எழுதுங்க, 194 அடி மாதிரி. அதுல ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டு அதுக்கு மட்டும் ஒரு கேன்வாஸ், மொத்த வீட்டையும் ஒரே கேன்வாஸ்ல அடைக்காதீங்க.

பெயின்ட் கரைக்கிற விஷயத்துல மட்டும் ஒண்ணு, டர்பென்டைன் ரொம்ப ஊத்தினா பெயின்டுல இருக்கிற எண்ணெய் போயிடும், காஞ்சப்புறம் பவுடர் மாதிரி உதிரும். அதனால கரைச்ச கோட்டை அடியில முதல்ல போட்டு நல்லா காய விட்டுட்டு, எண்ணெய் அதிகமா இருக்கிற கோட்டை மேல போடுங்க. வழியறது எந்தப் பக்கம் போகணும்னு கேன்வாஸை சாய்ச்சுப் பாத்துக்கோங்க. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டே பண்ணுங்க, அந்த நெடி தலைவலி கொடுக்கும். முதல் ஸ்கெட்ச் பத்தும் முடிஞ்சதும் இங்கயே போடுங்க, எந்த இடம் வரமாட்டேங்குதுன்னு சேந்து பாக்கலாம்.